ஓரிடம் இல்லாத வீரர்

பேஸ்போல் அணியில் களம் காக்க ஒன்பது பேர், ஒன்பது இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் தனிப் பயிற்சி வேண்டும். இரண்டாம் தளத்தில் நிற்பவர் தரையில் உருண்டு வரும் பந்தை எடுத்து நொடியில் எறிய வேண்டும். வெளிக்களத்தில் நிற்பவர் உயரே எழும் பந்து எங்கே விழும் என்று கணித்து ஓட வேண்டும். எந்த இடம் வெறுமையானாலும் அங்கே நிற்கக்கூடியவரை ‘யூட்டிலிட்டி’ வீரர் என்பார்கள். பெரும்பாலும் அவர் வெளியே காத்திருக்கும் மாற்று வீரர்தான்.

அமெரிக்கரான பென் சோப்ரிஸ்ட் 2006இல் டம்பா பே அணிக்கு ‘ஷோர்ட்ஸ்டொப்’ வீரராக வந்தார். முதலிரு வருடங்களும் துடுப்பு கைகொடுக்கவில்லை, இடமும் நிலைக்கவில்லை. பின்னர் பயிற்றுநர் ஜோ மடன் அவரை நாளுக்கோர் இடத்தில் நிறுத்தினார். இரு பக்கமும் நின்று துடுப்பெடுத்தாடும் அவர், 2009இல் 27 ‘ஹோம் ரன்’ அடித்து நட்சத்திர அணிக்குத் தெரிவானார்.

2015இல் கன்சாஸ் சிட்டி ரோயல்ஸ் அணியுடன் உலகத் தொடரை வென்றார். அடுத்த வருடம் சிக்காகோ கப்ஸ் அணியில் ஆடினார். 1908இற்குப் பின் அதுவரை அந்த அணி கிண்ணம் வென்றிருக்கவில்லை. இறுதிப் போட்டி சமநிலையாகிப் பத்தாவது இன்னிங்ஸுக்கு நீண்டபோது, அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தது சோப்ரிஸ்டின் அடியே. தொடரின் சிறந்த வீரரும் அவரே.

“உனக்கு எது நன்றாக வரும்?” என்ற கேள்விக்குத் தடுமாறும் தோழியரே, பெற்றோரே! பலவற்றையும் ஊன்றிக் கற்பதும் ஒரு திறமைதான்.