சாணைக்கல் டிரெஸ்ஸிங்: கருவி, ஆபத்து, உரிமை

பெஞ்ச் கிரைண்டரின் சாணைக்கல் இரண்டு விதமாகக் கெடுகிறது. கடினமான டூல் பிட்டுகளையே தொடர்ந்து தீட்டினால் கல்லின் துகள்கள் முனை மழுங்கி, முகம் வழவழப்பாக மினுங்கும். அலுமினியம், பித்தளை போன்ற மென்மையான உலோகங்களைத் தேய்த்தால், உலோகத்தூள் துகள்களின் இடுக்கில் அப்பிக்கொள்ளும். எப்படிக் கெட்டாலும் கல் வெட்டாது, வெறுமனே உரசும். தீட்டும் பொருள் நீலம் பாய்ந்துவிடும். தொழிலாளி இன்னும் அழுத்துவார், கல் சூடேறும், விரிசல் விட வாய்ப்பு கூடும். மழுங்கிய முகத்தைச் சீவியெடுத்துப் புதுத் துகள்களை வெளிக்கொண்டுவருவதும், கெட்ட வட்டத்தைச் சரிசெய்வதும்தான் டிரெஸ்ஸிங்.

பல சிறு பட்டறைகளில் இதற்கென்று கருவி இருப்பதில்லை. உடைந்த பழைய கல்லின் துண்டையோ தேய்ந்த அரத்தையோ கையில் பிடித்து அழுத்துகிறார்கள். 150 மி.மீ. கல் நிமிடத்துக்கு 2,850 சுற்று ஓடினால், அதன் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 22 மீட்டர், அதாவது மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகிறது. சரியான பிடி இல்லாத துண்டு அங்கே வழுக்கினால், கல்லுக்கும் டூல் ரெஸ்டுக்கும் நடுவில் விரல் மாட்டும். அரமோ எளிதில் நொறுங்கும் எஃகு. உடைந்தால் முகத்தை நோக்கித்தான் தெறிக்கும்.

சாதாரணப் பட்டறைக்கு ஏற்றது நட்சத்திரச் சக்கர டிரெஸ்ஸர். கைப்பிடியின் தலையில், ஓர் ஊசியில் தளர்வாகச் சுழலும் பல்வைத்த எஃகுத் தகடுகள் இதில் இருக்கும். விலை சில நூறு ரூபாய்தான். மெஷினை நிறுத்தி, கல் முழுதாக நின்றபின் டூல் ரெஸ்டைப் பின்னால் இழுத்து, டிரெஸ்ஸரின் அடியில் உள்ள கொக்கி ரெஸ்டின் முன்விளிம்பில் மாட்டும்படி வைத்து இறுக்க வேண்டும். சுவிட்சைப் போட்டதும் ஒரு நிமிடம் பக்கவாட்டில் விலகி நிற்பது நல்லது. பிறகு கைப்பிடியை மெல்ல உயர்த்தித் தகடுகளைக் கல்லில் படவிட்டு, உறுதியாக அழுத்தியபடி இடமும் வலமும் நகர்த்த வேண்டும். பயந்து லேசாகத் தொட்டால் தீப்பொறிதான் பறக்கும், தகடுகளின் பல்தான் தேயும். வேலை முடிந்ததும் கல்லை நிறுத்தி, ரெஸ்டை 3 மி.மீ. இடைவெளிக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதை மறப்பவர்களே அதிகம். டிரெஸ் செய்யச் செய்யக் கல் சிறுத்து இடைவெளி பெரிதாகும், தீட்டும் பொருள் உள்ளே இழுபடும்.

பல வைரத்துகள் பதித்த பட்டைமுக டிரெஸ்ஸர் முகத்தை இன்னும் சீராக்கும். ஒற்றை வைரமுனையை வெறுங்கையால் ஓட்டினால் கல்லில் பள்ளம்தான் விழும். அதை ஒரு தாங்கியில் பொருத்தி, நடுமட்டத்துக்குச் சற்றுக் கீழே, கல் சுழலும் திசையில் 10 முதல் 15 டிகிரி சாய்த்து, ஒரு ஓட்டத்துக்கு 0.02 மி.மீ. அளவே எடுக்க வேண்டும். சூடேறிய வைரத்தைத் தண்ணீரில் முக்கினால் வெடித்துவிடும். சிறிய கற்களுக்கும் ஓரம் உருட்டுவதற்கும் சிலிக்கன் கார்பைடு குச்சி போதும்.

விரிசல் விட்ட கல்லுக்கு டிரெஸ்ஸிங் மருந்தாகாது. கல்லைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் உடைத்துப் போட்டுவிட வேண்டும்.

டிரெஸ்ஸிங்கின்போது தீட்டுவதைவிடப் பன்மடங்கு துகள் பறக்கும். பக்கமும் மூடிய கண்ணாடி, அதன்மேல் முகக்கவசம், தூசுக்கு முகமூடி ஆகிய மூன்றும் வேண்டும். தோளில் துண்டு, தொளதொளத்த கையுறை கூடாது. கண்ணில் துகள் குத்தி நின்றால் தேய்க்கவோ, பக்கத்து ஆளிடம் துணி நுனியால் எடுக்கச் சொல்லவோ வேண்டாம். கண்ணை அழுத்தாமல் மூடி, நேரே கண் மருத்துவரிடம் போக வேண்டும். இரும்புத்தூளாக இருக்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணுக்குள் இரும்பு இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுத்தால் பார்வையே போகலாம்.

கண்ணாடி தருவது முதலாளியின் சலுகை அல்ல. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 35ஆம் பிரிவு கண் பாதுகாப்பைக் கடமையாக்கியது. 114ஆம் பிரிவு அதற்குத் தொழிலாளியிடம் பணம் பிடிக்கக் கூடாது என்றது. 111அ பிரிவு பாதுகாப்புத் தகவலும் பயிற்சியும் கேட்கும் உரிமை தந்தது. 2020இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் இக்கடமைகளைக் கைவிடவில்லை. தமிழ்நாட்டில் புகார் செய்ய வேண்டிய இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

விபத்து நேர்ந்தால், ஈ.எஸ்.ஐ. உள்ளவருக்கு வேலைக்குப் போக முடியாத நாட்களில் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். ஈ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில், 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த முறைப்படி முதலாளியே இழப்பீடு தர வேண்டும். ஒரு கண்ணின் பார்வை போனால் வருவாய்த் திறனில் 30 சதவீத இழப்பு என்று அதன் அட்டவணை கணக்கிட்டது. வெர்னியர் படித்துப் பிழைக்கும் லேத் தொழிலாளிக்கு இழப்பு அதைவிடப் பெரிது. விபத்து நடந்த தேதி, சாட்சி, மருத்துவச் சீட்டு மூன்றையும் அன்றே பத்திரப்படுத்த வேண்டும். இழப்பீடு கோரி மனுச் செய்ய விபத்திலிருந்து இரண்டு ஆண்டுகளே அவகாசம்.