தரைக்கு அடியில் ஓர் அடுப்பு

டில்லியில் மே மாதத்து 'லூ' வீசத் தொடங்கியதும் நம் சங்கத்து அன்பர்களில் பலர் பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். பிள்ளையோ பெண்ணோ ஆஸ்திரேலியாவில் இருந்தால், "இந்த வெயிலில் அங்கே ஏன் கஷ்டப்படுகிறீர்கள், இங்கே வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போங்களேன்" என்று டிக்கெட் வந்துவிடும். 44 டிகிரி வெயிலில் விமானம் ஏறி மெல்போர்னில் இறங்கிய பிறகுதான் உறைக்கும், அங்கே ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் குளிர்காலம் என்று. ஜூலையில் பகலில் 14 டிகிரி, இரவில் 6, 7 டிகிரி. "டில்லி ஜனவரியைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு குளிரா?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஆனால் டில்லியில் நாம் ஒரே அறையில் ஹீட்டரை வைத்துக்கொண்டு ரஜாய்க்குள் புகுந்துவிடுகிறோம். பகல் பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடியில் வெயில் காயலாம். அங்கே சில வாரங்களில் சூரியனையே பார்க்க முடியாது. தூறலும் காற்றும்தான். வீடுகளும் பெரும்பாலும் மரச்சட்டத்தில் கட்டியவை. பல பழைய வீடுகளில் தரையே மரப்பலகை. அதற்கடியில் மண்ணுக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி.

அந்த இடைவெளியில் ஓடுகிற குழாய்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மெல்போர்ன் வீடுகளில் 'டக்டட் ஹீட்டிங்' என்று ஒன்று உண்டு. வீட்டுக்கு வெளியிலோ, தரைக்கடியிலோ, கூரைக்குள்ளோ ஒரு பெட்டி. அதிலிருந்து எல்லா அறைகளுக்கும் சூடான காற்று போகும். அங்கே போகும் பெற்றோர்கள் இதன் ஸ்விட்சைத் தொடவே பயப்படுகிறார்கள், அல்லது இஷ்டத்துக்குத் திருகுகிறார்கள். இரண்டும் வேண்டாம்.

நான் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து 36 வருஷம் ஏ.சி. கோச் பராமரிப்பிலேயே காலத்தை ஓட்டியவன். ஆகவே அந்த இயந்திரத்தைப் பார்த்ததும் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. நம் ஏ.சி. கோச்சில் என்ன நடக்கிறது? பெட்டிக்குள் இருக்கும் காற்றை ஒரு கிரில் வழியாக இழுத்து, ஃபில்டரில் வடிகட்டி, குளிர்வித்து, கூரை டக்ட் வழியாகத் திரும்ப அனுப்புகிறோம். குளிர்காலத்தில் அதே டக்டில் ஹீட்டர் எரியும். அந்த வீட்டிலும் அதே கதைதான். ஹீட்டருக்குப் பதில் கேஸ் பர்னர். பர்னரின் சுடர் ஓர் உலோகக் கூட்டுக்குள் எரிகிறது. அதற்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று பெயர். வீட்டுக் காற்று அந்தக் கூட்டின் வெளிப்புறத்தைத் தடவிக்கொண்டு போகும்போது சூடாகிறது. உள்ளே எரிந்த புகை தனியாக ஒரு புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். வீட்டுக் காற்றும் புகையும் ஒன்றையொன்று தொடக்கூடாது. நடுவே இருப்பது ஒரு தகடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

முதலில் தெர்மோஸ்டாட். சுவரில் இருக்கும் சின்னப் பெட்டி. குளிர்கிறதே என்று அதை 28க்கு ஏற்றினால் வீடு சீக்கிரம் சூடாகும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். சாதாரண இயந்திரம் 20க்கு வைத்தாலும் 28க்கு வைத்தாலும் அதே வேகத்தில்தான் சூடாக்கும். 28ல் வைத்தால் நிறுத்தாமல் ஓடும், அவ்வளவுதான். அங்கே அரசாங்கமே சொல்லும் அளவு 18லிருந்து 20. கூட்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் செலவு 5லிருந்து 10 சதவீதம் ஏறும் என்பது கணக்கு. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் 19 போதும். பெண்ணின் பில்லைப் பார்த்தால் நீங்களே குறைத்துவிடுவீர்கள். ஸ்விட்ச் போட்டதும் காற்று வராவிட்டால் பதறவேண்டாம். முதலில் பர்னர் எரிந்து தகடு சூடாக வேண்டும், பிறகுதான் விசிறி ஓடும். அணைத்த பிறகும் தகட்டிலுள்ள சூட்டைத் தள்ளுவதற்காக விசிறி சிறிது நேரம் ஓடிக்கொண்டிருக்கும். பருவத்தில் முதல் தடவை போடும்போது தூசி கருகும் வாசனை கொஞ்ச நேரம் வரும். அதுவும் சகஜம்.

அடுத்து தரையிலுள்ள கிரில்கள். ஆள் இல்லாத அறைதானே என்று ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருவது நம் சிக்கன புத்தி. ஒன்றிரண்டு மூடலாம். பாதிக்கு மேல் மூடினால் விசிறி தள்ளும் காற்றுக்குப் போக இடமில்லை. பெட்டிக்குள் தகடு அதிகமாகச் சூடேறி, பாதுகாப்பு ஸ்விட்ச் இயந்திரத்தை நிறுத்தும். ஏ.சி. கோச்சில் இதற்காகவே 'வேன் ரிலே' என்று ஒன்று வைத்திருக்கிறோம். டக்டில் காற்று ஓடினால்தான் ஹீட்டருக்குக் கரண்ட் போகும். காற்று இல்லாமல் சூடு மட்டும் இருந்தால் எந்த இயந்திரமும் தாங்காது.

தரை கிரில் இருக்கும் வீட்டில் நம் பழக்கங்கள் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். பக்கெட் தண்ணீர் ஊற்றித் தரை கழுவக்கூடாது, டக்டுக்குள் இறங்கிவிடும். ஈர வேட்டியை அதன்மேல் விரித்துக் காயப்போடக்கூடாது. சுவாமி விளக்கை அதன் அருகில் ஏற்றினால் நிற்காது. அரிசி, மணி, குழந்தைகளின் கிரேயான் எல்லாம் உள்ளே விழும். என் பேத்தி அதில் எதைப் போட்டால் எவ்வளவு நேரம் கழித்துச் சத்தம் கேட்கிறது என்று ஆராய்ச்சியே நடத்தினாள். கிரிலைத் தூக்கி வாக்குவம் கிளீனரால் இழுத்துவிடலாம். என் மனைவி கண்டுபிடித்த பிரயோஜனம் ஒன்று: இட்லி மாவுப் பாத்திரத்தை கிரிலிலிருந்து ஓர் அடி தள்ளி வைத்தால், வெளியே 6 டிகிரியாக இருந்தாலும் காலையில் பொங்கியிருக்கும்.

காற்று வறண்டுபோவதைப் பற்றியும் சொல்லவேண்டும். 6 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 7 கிராம் ஈரம்தான் தாங்கும்; 20 டிகிரியில் 17 கிராம் தாங்கும். வெளிக்காற்று உள்ளே வந்து சூடாகும்போது அதே 7 கிராம்தான் இருக்கிறது, அதாவது கொள்ளளவில் பாதிகூட இல்லை. உதடு வெடிப்பதும் தொண்டை காய்வதும் இதனால்தான். ராத்திரி ஹீட்டரைக் குறைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்வது நல்லது. தேங்காய் எண்ணெயும் கைகொடுக்கும், அங்கே அது உறைந்தே இருக்கும் என்றாலும்.

இனி ஃபில்டர். வீட்டுக்குள்ளிருந்து காற்றைத் திரும்ப இழுக்கும் பெரிய கிரில் ஒன்று இருக்கும்; அதன் பின்னால் ஃபில்டர். சோபாவையோ சூட்கேஸையோ அந்த கிரிலுக்கு முன்னால் வைக்கக்கூடாது. நாம் போனதும் இரண்டு பெரிய பெட்டிகளை வைக்க இடம் தேடி அங்கேதான் வைப்போம்! குளிர்காலத்தில் மாதம் ஒரு தடவை ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்டி, கழுவக்கூடிய ரகமாக இருந்தால் கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடவேண்டும். ஃபில்டர் இல்லாமல் ஓட்டக்கூடாது. என் பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த வாடகை வீட்டுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. நாங்கள் ஜூன் முதல் வாரம் போய்ச் சேர்ந்தோம். நான் கிரிலைத் திறந்தால், ஃபில்டர் கம்பளி மாதிரி இருந்தது. பல வருஷத்துத் தூசி. முன்பு குடியிருந்தவர்கள் யாரும் அதைத் திறந்ததாகத் தெரியவில்லை. அப்போதே எனக்கு மனசில் ஒரு உறுத்தல். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் காற்று குறையும். காற்று குறைந்தால் தகடு பழுக்கும். பழுத்துப் பழுத்து ஆறுகிற தகடு, வெல்டிங் ஓரத்திலோ மடிப்பிலோ ஒரு நாள் விரிசல் விடும். டீசல் எஞ்சினின் எக்ஸாஸ்ட் குழாய்களில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வாரம் என் மனைவிக்குத் தலைவலி ஆரம்பித்தது. அவளுக்கு ஒற்றைத் தலைவலி முப்பது வருஷமாக உண்டு. ஆகவே குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரை போட்டுக்கொண்டாள். ஆனால் மத்தியானம் என்னோடு பூங்காவுக்கு நடந்து வந்தால் சரியாகிவிடும், வீடு திரும்பி ஒரு மணி நேரத்தில் மறுபடி வரும். சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டில் இருந்தார். சாயங்காலம் அவரும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஞாயிறு காலை பேத்தி வாந்தி எடுத்தாள். ஜுரம் இல்லை. "ஏதோ வைரஸ் சுற்றுகிறது அப்பா, ஸ்கூலில் எல்லாக் குழந்தைக்கும் இருக்கு" என்றாள் பெண். இருக்கலாம். ஆனால் வைரஸ் பூங்காவுக்குப் போனால் இறங்கி, வீட்டுக்கு வந்தால் ஏறுமா?

அன்றைக்கே ஹார்டுவேர் கடைக்குப் போய் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி வந்தோம். பேட்டரியில் ஓடுவது, எண் காட்டும் ரகம். ஹாலில் வைத்து ஹீட்டரைப் போட்டோம். பூஜ்யமாக இருக்க வேண்டிய எண் பூஜ்யத்தில் நிற்கவில்லை. இருபது நிமிஷத்தில் ஏறிக்கொண்டே போனது. ஹீட்டரை அணைத்து, ஜன்னல்களையெல்லாம் திறந்து, எல்லோரும் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தோம். பிறகு டாக்டரிடம் போனோம். நல்லவேளை, யாருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. சமையல் கேஸில் நாற்றம் சேர்ப்பது கசிந்தால் தெரிவதற்காக. அந்த நாற்றப்பொருள் சுடரில் எரிந்துபோகிறது, ஆகவே அரைகுறையாக எரிந்து வரும் இந்த விஷத்தை மூக்கு கண்டுபிடிக்காது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசதி, பிறகு மயக்கம். தூக்கத்தில் வந்தால் எழுந்திருப்பதே இல்லை.

மறுநாள் லைசென்ஸ் உள்ள கேஸ் ஃபிட்டர் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். தகட்டில் விரல் நீளத்துக்கு விரிசல். அதன் வழியாகப் புகை வீட்டுக் காற்றில் கலந்தது மட்டுமல்ல, விசிறிக் காற்று உள்ளே புகுந்து சுடரையும் கலைத்திருக்கிறது. உடனே கேஸை மூடிச் சீட்டு ஒட்டிவிட்டார். ரிப்பேர் கிடையாது, மாற்றத்தான் வேண்டும் என்றார். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏஜெண்ட், "அது செக் பண்ணினதுதானே" என்று போனில் சொன்னார். சீட்டை அனுப்புங்கள் என்று பெண் கேட்டாள். வந்த சீட்டில் சமையலறை அடுப்பு மட்டும் இருந்தது.

பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய சட்ட விஷயம் இதுதான். மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில், 2021 மார்ச் முதல் புதிதாக ஒப்பந்தம் போடும் வாடகை வீடுகளில் கேஸ் சாதனங்களை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சோதிக்க வேண்டியது வீட்டுக்காரரின் பொறுப்பு. கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று குடியிருப்பவர் எழுதிக் கேட்கலாம். கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். சொந்த வீடானாலும் அதே இரண்டு வருஷக் கணக்குதான். சர்வீஸ் என்றால் தூசி தட்டிவிட்டுப் போவதல்ல, கார்பன் மோனாக்சைடு சோதனையும் சேர்த்து.

இன்னொன்று, நம் சமையலறைக்காகவே சொல்கிறேன். சில பழைய வீடுகளில் ஹாலிலேயே சுவரோடு ஒரு கேஸ் ஹீட்டர் இருக்கும், புகைக்குழாய் கூரைக்குப் போகும். குளிருக்காக எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு, மிளகாய் தாளிக்கும் நெடி போகச் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை முழு வேகத்தில் போடுகிறோம். வெளியே போன காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்து வரும்? சில வீடுகளில் அந்தப் புகைக்குழாய் வழியாகவே கீழே இறங்கும், புகையையும் அழைத்துக்கொண்டு. ஆகவே அப்படிப்பட்ட வீட்டில் எக்ஸாஸ்ட் ஓடும்போது ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். ஃபிட்டர் வந்தால் எல்லா எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஓடவிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மூன்று வாரம் கரண்ட் ஹீட்டர்களை வைத்துச் சமாளித்த பிறகு, வீட்டுக்காரர் கேஸை விட்டுவிட்டு 'ரிவர்ஸ் சைக்கிள்' போட்டுக் கொடுத்தார். நம் ஏ.சி.யைத் திருப்பி ஓட்டுவதுதான் அது. வெளிக்காற்றிலிருக்கும் சூட்டை இழுத்து உள்ளே தள்ளும், சுடரே கிடையாது. அந்த மாநிலத்தில் 2024 முதல் திட்ட அனுமதி தேவைப்படும் புது வீடுகளுக்கு கேஸ் இணைப்பே இல்லை என்று சட்டம். ஆகவே பிள்ளைகள் புதிதாக வாங்கும் வீடுகளில் இதைத்தான் பார்ப்பீர்கள். ஃபில்டர் கழுவும் வேலை இதிலும் உண்டு. காற்று கூரையிலிருந்து வருவதால் இட்லி மாவுக்கு மட்டும் இடம் போயிற்று. என் மனைவி இப்போது அவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை அதில் வைக்கிறாள்.

டில்லியிலேயே இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜனவரியில் மூடிய அறைக்குள் அங்கீட்டி வைத்துக்கொண்டு தூங்குவதும், ஜன்னல் இல்லாத பாத்ரூமில் கேஸ் கீசர் மாட்டுவதும் இதே விஷத்தை வீட்டுக்குள் கூப்பிடுவதுதான். காவல்காரர் அறையில் இரவில் நிலக்கரி எரிந்தால், ஒரு எண்ணெய் ரேடியேட்டர் வாங்கிக் கொடுங்கள். கேஸ் கீசரை வெளியே, காற்றோட்டமான பால்கனியில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். எங்கள் அடுக்ககத்தில் இரண்டு வீட்டில் போன நவம்பரில் அப்படி மாற்றினோம். பிளம்பருக்கு அரை நாள் வேலை.