ஊசி முனையில் ஒரு காதல் திருநாள்

சீனாவில் இன்று காதலர் தினமாகிவிட்ட ஏழாம் மாத ஏழாம் இரவு, நெடுங்காலம் பெண்கள் தங்கள் கைகளுக்குத் திறமை கேட்டு நின்ற இரவு.

ஆகஸ்ட் பிறந்தால் சீன நகரங்களின் பூக்கடைகளில் ரோஜாவுக்குக் கிராக்கி. நகைக்கடைகள் ஜோடி மோதிரங்களை முன்வரிசைக்குக் கொண்டுவருகின்றன. உணவகங்களில் இருவர் அமரும் மேஜைகளுக்கு முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். காரணம், சீஷி. சந்திர நாட்காட்டியில் ஏழாம் மாதத்தின் ஏழாம் நாள். 2024இல் அது ஆகஸ்ட் 10. 2025இல் ஆகஸ்ட் 29. பிப்ரவரி 14க்கு ஆசியா கண்டெடுத்த பதில் என்று விளம்பரக்காரர்கள் இதைக் கூவி விற்கிறார்கள். 'சீனக் காதலர் தினம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே இரவில் ஒரு சீனக் கிராமத்துப் பெண்ணைப் பார்த்திருந்தால், அவள் கையில் ரோஜா இருந்திருக்காது. ஊசி இருந்திருக்கும். வளர்பிறை ஏழாம் நாளின் அரை நிலா வெளிச்சத்தில், வீட்டு முற்றத்தில் நின்று அந்த ஊசியில் வண்ண நூலைக் கோர்த்துக்கொண்டிருப்பாள். அன்று அவள் முதலில் வேண்டியது கைத்திறமை. திருநாளின் இன்னொரு பெயரே 'சீச்சியாவ்'. திறமையை யாசித்தல் என்று பொருள்.

யாரிடம் யாசித்தாள்? வானத்தில் தறி நெய்யும் ஒரு பெண்ணிடம்.

கதை சீனக் குழந்தைகள் அனைவருக்கும் தெரிந்ததுதான். பெற்றோரை இழந்து, அண்ணன் வீட்டிலிருந்து விரட்டப்பட்டவன் நியூலாங் என்ற மாட்டுக்காரன். அவனுக்கு இருந்த ஒரே துணை ஒரு கிழட்டு மாடு. வானுலகில் மேகங்களை நெய்பவள் ஜிநியூ. அவளும் தோழிகளும் பூமிக்கு வந்து நீராடும்போது, மாடு சொல்லிக்கொடுத்தபடி அவளது ஆடையை ஒளித்துவைக்கிறான் மாட்டுக்காரன். திருமணம் நடக்கிறது, ஆணொன்றும் பெண்ணொன்றுமாக இரண்டு குழந்தைகள். சேதி மேலே எட்டியதும் நெசவுக்காரியைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இரண்டு கூடைகளில் குழந்தைகளை வைத்துக் காவடியாகத் தூக்கிக்கொண்டு துரத்துகிறான் கணவன். அவன் எட்டிப் பிடிக்கப் போகும் தருணத்தில் வானுலக மகாராணி தன் கொண்டை ஊசியை எடுத்து ஒரு கோடு கிழிக்கிறாள். அந்தக் கோடு பொங்கிப் பெருகி நதியாகிவிடுகிறது. அதுதான் பால்வீதி. சீனர்களுக்கு அது வெள்ளி நதி.

ஆண்டுக்கு ஒரே ஓர் இரவு சந்திக்க அனுமதி. அன்று மேக்பை என்னும் பறவைகள் கூட்டமாகப் பறந்து சென்று நதியின் குறுக்கே பாலமாகின்றன. (காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த கறுப்பு வெள்ளைப் பறவை, நம் வால்காக்கையின் உறவு.) ஏழாம் மாதம் மேக்பைகளின் தலை மொட்டையாகத் தெரிந்தால், காதலர் மிதித்து நடந்ததால்தான் என்பார்கள் கிராமத்தார். பறவைகள் இறகுதிர்க்கும் பருவம் அது. அன்று மழை பெய்தால் அது நெசவுக்காரியின் கண்ணீர்.

இந்தியர்கள் இந்த இருவரையும் வேறு பெயரில் அறிவார்கள். மாட்டுக்காரன், நம் திருவோணம். அந்த நட்சத்திரத்தின் இரு பக்கமும் மங்கலாகத் தெரியும் இரண்டு மீன்கள்தான் கூடையில் இருக்கும் குழந்தைகள். அதே மூன்று புள்ளிகளில் நம்மவர்கள் உலகளந்த திருமாலின் மூன்று அடிகளைக் கண்டார்கள். நெசவுக்காரி, அபிஜித்: 27 நட்சத்திரக் கணக்கிலிருந்து விலகி நிற்கும் 28ஆவது. மூத்தவளான ரோகிணியோடு போட்டியிட்டுத் தவம் செய்யக் காட்டுக்குப் போனவள் என்கிறது மகாபாரதத்தின் வனபர்வம். இரண்டு நாட்டிலும் அவள் தனித்துப்போனவள்தான். வானியலாளர் கணக்கில் இருவருக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 15 ஒளியாண்டு. ஓர் இரவில் கடக்கக்கூடியது அல்ல.

ஏட்டில் இல்லாத காதல்

இந்தக் கதையைத் தேடிப் பின்னோக்கிப் போனால் முதலில் தொலைந்துபோவது காதல்தான். சீனாவின் மிகப் பழைய கவிதைத் தொகுப்பான 'ஷிஜிங்'கில் நெசவுக்காரியும் வண்டிமாடும் ஒரே பாடலில் வருகிறார்கள். ஆனால் அது மேற்கேயிருந்த ஆட்சியாளர்கள் தங்களைச் சுரண்டுவதாகக் கிழக்கத்தியர் புலம்பும் பாடல். பெயர்தான் நெசவுக்காரி, ஒரு துணியும் நெய்வதில்லை. பெயர்தான் மாடு, ஒரு வண்டியும் இழுப்பதில்லை என்ற ஏளனத்துக்காகவே இருவரும் அங்கே அழைக்கப்படுகிறார்கள். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியும் என்பதற்கே அதில் தடயமில்லை.

அடுத்த தடயம் இன்னும் சுவையானது. 1975இல் ஹூபெய் மாநிலத்தின் ஷுயிஹூதி என்ற இடத்தில், கி.மு. 217இல் புதைக்கப்பட்ட ஒரு சின் வம்ச அதிகாரியின் கல்லறை திறக்கப்பட்டது. உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் சுவடிகள். அவற்றில் நாள் பார்க்கும் பஞ்சாங்கமும் உண்டு. மாட்டுக்காரன் நெசவுக்காரியை மணந்தது இன்னின்ன நாளில், அந்த மணம் நிலைக்கவில்லை, ஆகவே அந்த நாட்களில் பெண் எடுக்காதே என்று எச்சரிக்கிறது அது. இன்று எந்த ஜோடியின் பெயரால் கல்யாணப் பதிவு அலுவலகங்களில் கூட்டம் கூடுகிறதோ, அந்த ஜோடி 2,200 ஆண்டுகளுக்கு முன் அபசகுனம்!

ஹான் வம்சக் காலத்துக் கவிதைகளில்தான் நதியின் இரு கரையிலும் நின்று ஏங்கும் காதலராக இருவரும் உருவெடுக்கிறார்கள். பிறகு ஆறாம் நூற்றாண்டு வாக்கில் வழங்கிய ஒரு வடிவம் வருகிறது. அதில் ஆடைத் திருட்டு இல்லை, கொடுமைக்கார மகாராணியும் இல்லை. ஓயாமல் தறியில் உழலும் மகளுக்கு இரங்கி வானுலகப் பேரரசர் தாமே மணம் செய்துவைக்கிறார். மணமானதும் மகள் நெய்வதை விட்டுவிடுகிறாள். அதற்குத்தான் தண்டனை. அவள் செய்த குற்றம், வேலையை நிறுத்தியது.

இதை விசித்திரமான நீதி என்று தள்ளிவிட முடியாது. பழைய சீனாவில் துணி என்பது வரி. தாங் வம்சத்தின் தொடக்கத்தில் குடியானவன் தானியமாகவும் உடலுழைப்பாகவும் துணியாகவும் அரசுக்கு வரி கட்டினான். 780இல் வரிமுறை மாறும்வரை இதுதான் சட்டம். 'ஆண் உழுவான், பெண் நெய்வாள்' என்பது அரசாங்கம் கனவு கண்ட குடும்பம். துணியை நெய்து கொடுத்தவை வீட்டுப் பெண்களின் கைகள். நல்ல கை வாய்த்த பெண்ணுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம். மாமியார் வீட்டில் மரியாதை. கை வாய்க்காதவளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை நெசவுக்காரி மனமகிழ்ந்திருக்கும் இரவில் அவளிடம் திறமையை இரந்து நின்றதன் அவசரம் இதில்தான் இருக்கிறது.

சிலந்தி சொல்லும் தீர்ப்பு

சடங்குகளைப் பார்த்தால் ஒரு பரீட்சைக் கூடம் போலவே இருக்கும். ஏழு துளை உள்ள ஊசியில் நூல் கோர்க்க வேண்டும். முற்றத்தில் பழங்களைப் படைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பழத்தின் மேல் சிலந்தி வந்து வலை பின்னினால் வேண்டுதல் பலித்தது என்று அர்த்தம். ஆறாம் நூற்றாண்டில் சோங் லின் எழுதிய ஹூபெய் பகுதிப் பண்டிகைக் குறிப்புகளில் இவை இடம்பெறுகின்றன. தாங் அரண்மனைப் பெண்களுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை போலும். சிலந்தியைச் சிறு பெட்டியில் அடைத்துவைத்து, காலையில் வலையின் இழைகள் நெருக்கமா, இடைவெளி அதிகமா என்று பார்த்தார்கள். பிற்காலத்தில் பெய்ஜிங் பெண்கள் கிண்ணத்து நீரில் ஊசியை மிதக்கவிட்டார்கள். வெயிலில் கிண்ணத்தின் அடியில் விழும் ஊசியின் நிழல் பூவாகவோ மேகமாகவோ தெரிந்தால் கை தேறிவிட்டது. தடித்த உலக்கையாகத் தெரிந்தால் அழுகைதான்.

சோங் வம்சத் தலைநகரான கைஃபெங்கில் இது கடைத்தெரு வரை வந்துவிட்டது. பச்சைப்பயறும் கோதுமையும் பீங்கான் பாத்திரத்தில் முளைவிட்டு, சில அங்குலம் வளர்ந்ததும் சிவப்பு, நீல நூலால் கட்டப்பட்டு விற்பனைக்கு வந்தன. தமிழர்கள் பார்த்தால் முளைப்பாரி என்பார்கள். கூடவே 'மோஹௌலோ' என்ற மண் பொம்மைகள். வசதியுள்ள வீடுகளுக்குத் தங்கமும் முத்தும் பதித்தவை. அந்தப் பெயர் பௌத்தத்தோடு சென்ற சமஸ்கிருதச் சொல். மூலம் மகோரகனா, புத்தரின் மகன் ராகுலனா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

இந்த இரவு பெண்களுக்குக் கொடுத்தது வேறொன்றும் உண்டு: ஆண்கள் இல்லாத ஒரு கூடம். கான்சு மாநிலத்தின் சிஹே பகுதியில் கொண்டாட்டம் ஏழு பகலும் எட்டு இரவும் நீடிக்கும். மணமாகாத பெண்கள் ஒரு வீட்டில் கூடி, 'திறமைத் தாயின்' உருவத்தை நிறுத்தி, கைகோர்த்து ஆடிப் பாடுவார்கள். 1936இல் ட்சாவ் ட்சிஷியன் என்ற உள்ளூர் அறிஞர் இந்தப் பாடல்களைத் தொகுத்தார். அவை அச்சேறியது 21ஆம் நூற்றாண்டில்தான். பக்திப் பாடல்களை எதிர்பார்த்துப் புரட்டுபவருக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. பாதங்களை இறுக்கிக் கட்டும் வேதனை, பொய் சொல்லும் கல்யாணத் தரகர், மாமியார் வீட்டுக் கொடுமை என்று வேறெங்கும் வாய்திறக்க முடியாதவற்றை அந்த ஏழு நாட்களில் பாட்டாகப் பாடியிருக்கிறார்கள் பெண்கள்.

தெற்கே, முத்து நதிக் கழிமுகத்தில் நடந்தது இன்னும் வியப்பானது. 1870களில் நீராவிப் பட்டாலைகள் வந்ததும் ஷுண்டே வட்டாரப் பெண்கள் சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் மணமே வேண்டாமென்று சபதம் எடுத்தார்கள். திருமணத்தன்று மணப்பெண்ணுக்குப் பிறர் போடும் கொண்டையைத் தாங்களே சீவி முடிந்துகொள்வது அந்தச் சபதத்தின் அடையாளம். 'தானே சீவிக்கொண்டவர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். அவர்கள் கொண்டாடிய பெரிய திருநாள் எது? இதே ஏழாம் இரவு. அங்கே அது 'ஏழு சகோதரிகள்' விழா. ஆண்டு முழுக்கச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, கைவேலைகளைப் பரப்பிவைத்து, நெசவுக்காரியையும் அவளது ஆறு சகோதரிகளையும் வணங்கினார்கள். 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் பட்டாலைகள் மூடப்பட்டபோது வீட்டு வேலைக்காக சிங்கப்பூர், மலாயா, ஹாங்காங் போனார்கள். விழாவும் கப்பலேறியது. சிங்கப்பூரில் இருந்தவர்கள் அனுப்பிய பணத்தில் 1950இல் ஷுண்டேயில் ஒரு முதுமை இல்லம் எழுந்தது. இன்று அது அருங்காட்சியகம்.

இதற்காக இந்த நாளுக்குக் காதலோடு தொடர்பே இல்லை என்று சாதிப்பதும் மிகை. தாங் பேரரசர் சுவான்சோங்கும் அவரது ஆசைநாயகி யாங் குய்ஃபேயும் பிரியாமலிருக்க ஏழாம் இரவில் ரகசியச் சபதம் செய்ததாக பய் ஜூயி எழுதிய நெடுங்கவிதை 1,200 ஆண்டுகளாக வாசிக்கப்பட்டு வருகிறது. வரலாற்றில் அந்தக் காதல் முடிந்த விதம் கொடியது. 756இல் கிளர்ச்சிக்கு அஞ்சி ஓடும் வழியில், படைவீரர்கள் கேட்டதற்கிணங்க யாங் கழுத்து நெரிக்கப்பட்டார். ஆக, கவிஞர்கள் காதலைப் பாடினார்கள்; பெண்கள் ஊசியைக் கோர்த்தார்கள். இரண்டும் அருகருகே ஓடின.

ஆலைத்துணி வந்ததும் ஊசியின் மதிப்பு சரிந்தது. மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கங்கள் மீதியைப் பார்த்துக்கொண்டன. பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் வாலண்டைன் தினம் இளைஞரைப் பிடித்துக்கொள்ள, வியாபாரிகளின் பார்வை சொந்த நாட்டுக் கதையின் மேல் விழுந்தது. 2006இல் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சீஷியை அரசு சேர்த்தது. இதைக் காதலர் தினம் என்பது தவறு, ஆண்டுக்கு ஒருநாள் சந்திப்பது கணவன் மனைவி அல்லவா என்று நாட்டார் வழக்காற்றியலாளர்கள் ஆட்சேபித்தார்கள். கடைவீதி கேட்கவில்லை.

ஆட்சேபம் இப்போது வேறு திசையிலிருந்தும் வருகிறது. குளிக்கும் பெண்ணின் ஆடையைத் திருடித் திருமணம் செய்துகொள்வது காதலா என்று கேட்கிறார்கள் இளம் சீனப் பெண்கள். எழுத்தாளர் யெ ஷெங்தாவ் இந்தச் சங்கடத்தை முன்பே உணர்ந்தார் போலும். பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற்ற அவரது வடிவத்தில், மாட்டுக்காரன் ஆடையை இரு கைகளிலும் ஏந்திவந்து திருப்பிக் கொடுக்கிறான்.

கேள்வி கேட்பதோடு பெண்கள் நிற்கவில்லை. 2013இல் சீனாவில் பதிவான திருமணங்கள் 1 கோடியே 34 லட்சத்துக்கும் மேல். 2024இல் 61 லட்சம்தான். மக்கள்தொகை சுருங்கும் கவலையில் அரசு 2025 மே மாதம் பதிவு விதிகளைத் தளர்த்தியது. சொந்த ஊருக்குப் போக வேண்டாம், குடும்பப் பதிவேடு காட்ட வேண்டாம். சீஷி அன்று பதிவு அலுவலக வாசலில் பூவலங்காரம், புகைப்பட வசதி.

குவாங்சோ நகரம் விழுங்கிய ஜூசுன் கிராமத்தில் வேறு காட்சி. நின்றுபோயிருந்த ஏழு சகோதரிகள் விழாவை 1998இல் மூதாட்டிகள் மறுபடி தொடங்கினார்கள். சிறுவயதில் தாயிடம் கற்ற கைவேலை அவர்களுக்கு மறந்திருக்கவில்லை. நெல்லும் எள்ளும் ஒட்டிச் செய்த சின்னஞ்சிறு கோபுரங்கள், விரல் நுனியளவு பூத்தையல் செருப்புகள், நூல் சுற்றிய பூக்கள் என்று மேஜை நிறையப் பரப்பிவைக்கிறார்கள். பார்க்க வரும் கூட்டத்தில் கல்லூரிப் பெண்களும் உண்டு. ஊசி கோர்க்கும் போட்டியில் பாட்டிகளோடு மோதித் தோற்கிறார்கள்.