பனி போச்சு, மண்வெட்டியை எடுங்கோ!

ரொறொன்ரோக்காரர் ஆளாளுக்குத் தக்காளிப் படம் போட்டு வெறுப்பேத்துறதுக்கு முதல், மொன்றியல் பக்கத்துக் கதையையும் ஒருக்கால் சொல்லிவிடுறன். இங்கே பியர்பொன்ட்ஸில் ஏப்ரல் நடுவில்தான் பின்வளவில் புல்லே தெரியத் தொடங்கும். ஒரு நாள் 18 பாகை வெயில் எறிச்சவுடனே எங்கட ஆக்கள் கடைக்கு ஓடிப்போய்க் கத்தரிக்கண்டு, மிளகாய்க்கண்டு எல்லாம் அள்ளிக்கொண்டு வருவினம். அடுத்த கிழமை உறைபனி விழும். கண்டு எல்லாம் அவிச்ச கீரை மாதிரிக் கிடக்கும் :-(

இதுக்கு இங்கத்தைய பிறெஞ்சுக்காரரிட்ட ஒரு பழைய கணக்கு இருக்குது. மே 11, 12, 13 ஆகிய மூன்று நாளையும் 'பனிப் புனிதர்கள்' நாள் என்று சொல்லுவினம். அது கழியாமல் குளிர் தாங்காத எதையும் வெளியில் நடமாட்டினம். இன்னும் கவனமான ஆக்கள் மே 25க்கு முந்தின திங்கட்கிழமை விடுமுறை வரைக்கும் பொறுப்பினம். மற்ற மாகாணங்களில் விக்ரோரியா நாள்; கியூபெக்கில் 2003இலிருந்து அது தேசப்பற்றாளர் நாள். எங்கட ஊரில் ஆடிப்பிறப்பு, தைப்பொங்கல் என்று பயிர்க்கணக்கு வைக்கிற மாதிரித்தான்.

அதுவரைக்கும் சும்மா இருக்கத் தேவையில்லை. பட்டாணியும் பசளியும் (அதுதான் ஸ்பினாச்) லேசான உறைபனிக்குப் பயப்படாது. மண் இளகினவுடனே, ஏப்ரல் கடைசியில் நேரே விதைக்கலாம். மிளகாய் விதையை மார்ச் தொடக்கத்திலேயே வீட்டுக்குள் தெற்கு யன்னலடியில் போடவேணும். தக்காளி அதுக்கு மூன்று நாலு கிழமை பிந்தி. யன்னலடியில் வளர்ந்த கண்டு செல்லப்பிள்ளை. ஒரேயடியாய் வெயிலிலும் காத்திலும் விட்டால் இலை வெளுத்துப்போகும். முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாய்க் கூட்டி, ஒரு கிழமை பத்து நாள் பழக்கித்தான் நிலத்தில் வைக்கவேணும்.

மண்ணைப் பற்றியும் சொல்லவேணும். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணை மனதில் வைச்சுக்கொண்டு இங்கே கொத்தத் தொடங்காதேங்கோ. பத்தாயிரம் வருசத்துக்கு முதல் இந்தப் பக்கமெல்லாம் சம்ப்ளைன் கடல். அது விட்டுப்போன களி இன்னும் பல வளவுகளில் கிடக்குது. ஈரத்தோடு கொத்தினால் காய்ந்து செங்கல் மாதிரி ஆகிவிடும். ஒரு பிடி அள்ளி உருட்டிப் பாருங்கோ. உருண்டை விரல் பட்டவுடனே உதிர்ந்தால் கொத்தலாம், உதிராவிட்டால் பொறுங்கோ. வசந்தத்தில் மொன்றியலின் பல பகுதிகளில் இலவசமாகக் கொம்போஸ்ட் பசளை குடுப்பினம். வாளியோடு போய் வரிசையில் நில்லுங்கோ, வெக்கப்படாமல்.

பாவலும் வெண்டியும் புடோலும் ஜூன் பிறந்து இரவும் சூடானாப் பிறகுதான். குறுகின காலம் என்றாலும் ஜூனில் பகல் பதினைந்தரை மணித்தியாலம் இருக்குது, கொடி விறுவிறு என்று ஏறும். ஆனால் அவரைக்கு இந்த நீண்ட பகலே வில்லன். எங்கட அவரை இனங்கள் பலதுக்கு, பகல் குறைஞ்சால்தான் பூக்க மனம் வரும். வேலி முழுக்கப் படர்ந்து, செப்ரெம்பரில் பூத்து, காய் முத்துறதுக்குள் உறைபனி வந்துவிடும். வீட்டுக்கார அன்ரி வருசாவருசம் அந்த இலையைப் பார்த்துத்தான் சந்தோசப்படுறா.

பூப்பக்கம் எதிரி அணில்தான். இலையுதிர் காலத்தில் ரியூலிப் கிழங்கு தாட்டால் அது கிண்டித் தின்றுவிடும். டஃபடில் கிழங்கில் நஞ்சு இருக்கிறதால் தொடாது. வசந்தத்தில் பின்வளவில் தப்பி நிக்கிற மஞ்சள் பூவெல்லாம் அதுதான்.

சிரிப்பை விட்டுவிட்டு ஒரு விசயம். பியர்பொன்ட்ஸின் வடக்குக் கரை முழுக்க றிவியேர் டே பிறெயிறி ஆறு. பனி உருகுற காலமும் நடுகைக் காலமும் ஒன்றுதான். 2017 மே 7இல் மொன்றியல் நகரம் அவசரநிலை அறிவிச்சது. 2019 ஏப்ரல் 26இல் திரும்பவும். இரண்டு தரமும் இங்கே ஆற்றோரத் தெருக்களில் மண்மூட்டை அடுக்கி, சனம் வீட்டை விட்டு வெளிக்கிட்டது. தண்ணி வத்தினால் பாத்தி பழையபடி கறுப்பாய், பசளை போட்ட மாதிரி வடிவாய்த்தான் தெரியும். ஆனால் அந்தத் தண்ணியில் மலக்கழிவும் எண்ணெயும் கலந்திருக்கலாம். வெள்ளம் நின்ற பாத்தியில் பச்சையாய்ச் சாப்பிடுற கீரை, லெற்றியூஸ், கரட் எல்லாம் அந்த வருசம் போடாமல் விடுறதே புத்தி. அந்த இடத்தில் பூ போடுங்கோ. மரிக்கறியை உயர்த்தின பெட்டியிலோ சாடியிலோ புது மண் போட்டு வையுங்கோ. ஆற்றுக்குக் கிட்ட வாடகைக்கு இருக்கிற ஆக்கள், முந்தி எந்த வருசம் வளவுக்குள் தண்ணி வந்தது என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டுக் கொத்துங்கோ.

சரி, லண்டன், ஒஸ்லோ, சிட்னி ஆக்களே, உங்கட பக்கம் புடோல் காய்க்குதோ? கல் கட்டித் தொங்கவிடுறனீங்களோ? விபரமாய் எழுதுங்கோ. அவரைக்கு வழி தெரிஞ்ச ஆள் இருந்தால், அன்ரி நன்றியோடு ஒரு சாடி கறிவேப்பிலைக்கண்டு தாறாவாம் :-)