உங்களுக்குத் தெரியுமா? வெள்ளையர் யார் என்று தீர்ப்பெழுதிய நீதிமன்றம்

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் 'சுதந்திரமான வெள்ளையர்' மட்டுமே குடியுரிமை பெறலாம் என்றது 1790-இல் வந்த அமெரிக்கச் சட்டம். வெள்ளையர் என்றால் யார்? அதைச் சட்டம் சொல்லவே இல்லை.

1870-இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தார்கள். மற்றவர்கள் நீதிமன்றப் படியேறி, நாங்களும் வெள்ளையர்தான் என்று வாதாட வேண்டியிருந்தது. 1878 முதல் 1952 வரை இப்படி 52 வழக்குகள் நடந்ததாகச் சட்டப் பேராசிரியர் இயன் ஹேனி லோபஸ் கணக்கிட்டிருக்கிறார்.

அவற்றில் இரண்டை அடுத்தடுத்துப் படித்தால் கோபம்தான் வருகிறது. ஜப்பானில் பிறந்த தகாவோ ஒசாவா, தன் இனத்தவரின் தோலும் வெள்ளைதான் என்று வாதாடினார். தோல் நிறம் போதாது, 'காக்கேசிய' இனமாக இருக்க வேண்டும் என்று 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவரை மறுத்தது. மூன்றே மாதத்தில் பஞ்சாபின் பகத் சிங் திந்த் வந்து நின்றார். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். அன்றைய இனவியலாளர்களின் பட்டியல்படி வட இந்தியர் காக்கேசியரே என்று எடுத்துக்காட்டினார். பட்டியல் முக்கியமில்லை, சாமானிய மனிதர் உங்களை வெள்ளையராக ஏற்க மாட்டார் என்று கதவைச் சாத்தியது அதே நீதிமன்றம். இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லேண்ட். ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பிடுங்கப்பட்டது.

'காக்கேசியர்' என்ற வகைப்பாட்டைப் பரப்பியவர் ஜெர்மானிய அறிஞர் புளூமன்பாக். 1795-இல் அவர் அதற்கு உதாரணமாகக் காட்டியது, தமக்கு மிக அழகாகத் தோன்றிய ஜார்ஜியப் பெண்ணொருத்தியின் மண்டையோடு!

வெள்ளையர் என்ற அடையாளத்தையே ஆராயும் துறை 1990-களில்தான் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியது. ஆனால் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் 1920-லேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார். கூலி குறைவானாலும், வெள்ளையர் என்ற மதிப்பே வெள்ளைத் தொழிலாளிகளுக்கு இன்னொரு கூலியாக இருந்தது என்று 1935-இல் அவர் விளக்கினார். இந்தத் துறையில் இதைவிடக் கூர்மையான கருத்தை நான் படித்ததில்லை. டேவிட் ரோடிகர் 1991-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூல் இந்தக் கூலியின் வரலாறுதான். அமெரிக்காவுக்கு வந்தபோது இழிவாக நடத்தப்பட்ட ஐரிஷ்காரர்கள் படிப்படியாக வெள்ளையர் வரிசையில் இடம்பிடித்த கதையை நோயல் இக்னாட்டியெவ் 1995-இல் எழுதினார்.

திந்த்? போர்வீரர்களுக்கென வந்த தனிச் சட்டத்தின் வழியே 1936-இல் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. குடியுரிமைக்கான இனத் தடை முழுவதுமாக நீங்கியது 1952-இல்.