கருவறைத் தீபமும் கண் சொன்ன செய்தியும்

ஸ்ரீ ராகவேந்திர சுவாமிகள் அவதரித்த திருத்தலம் புவனகிரி. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல், வியாழன்தோறும் அங்கே தரிசனம் செய்வது அடியேனின் வழக்கம். சென்ற ஆண்டு ஒரு வியாழனன்று, மங்கள ஆரத்தியின் சுடருக்கு முன்னே கரும்புள்ளிகள் மிதப்பதைக் கண்டேன். "வயதாகிவிட்டது, கண்புரையாக இருக்கும்" என்று எண்ணி மூன்று மாதங்கள் வாளாவிருந்தேன்.

மகளின் வற்புறுத்தலால் கண் மருத்துவரிடம் சென்றேன். சொட்டு மருந்திட்டுப் பாவையை விரித்து நோக்கிய அவர், "ஐயா, சர்க்கரை எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது?" என்று வினவினார். "எனக்குச் சர்க்கரையே இல்லையே!" என்றேன். மறுநாள் இரத்தப் பரிசோதனை அவர் கூற்றை மெய்ப்பித்தது.

இஃது எவ்வாறு இயன்றது? விழியின் பின்புறம் உள்ள விழித்திரையில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களை, உடலைக் கீறாமலே நேரில் காண இயலும். அதற்குரிய கருவியை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் உலகுக்கு அறிவித்தார். சர்க்கரை நோய் இக்குழாய்களைக் கசியச் செய்கிறது. இரத்த அழுத்தம் அவற்றைச் சுருக்குகிறது. இங்கே பழுது கண்டால் சிறுநீரகத்தையும் சோதிக்கச் சொல்வது அதனாலேயே. தொடக்கத்தில் வலியோ மங்கலோ இராது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

புறத்தோற்றமும் பேசும். வெண்விழி மஞ்சளானால் கல்லீரலையும், கீழிமையின் உட்புறம் வெளுத்தால் இரத்தசோகையையும், விழி பிதுங்கினால் தைராய்டையும், இமையோரம் மஞ்சள் படிவு தோன்றினால் கொழுப்பையும் ஆராய வேண்டும். திரையிட்டாற்போல் பார்வை சற்றே மறைந்து மீண்டாலும், திடீரென இமை தொங்கி உருவங்கள் இரண்டாகத் தெரிந்தாலும், அது மூளையைத் தாக்கவிருக்கும் நோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு விரைக.

நம் தமிழகம் இத்துறையில் பேறு பெற்றது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். காஞ்சி ஸ்ரீ ஜெயேந்திர சரஸ்வதி சுவாமிகளின் திருவுள்ளப்படி, டாக்டர் பத்ரிநாத் 1978இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவை நிறுவினார். விழித்திரைப் படத்தைக் கொண்டே சர்க்கரையின் பாதிப்பைக் கணினி கண்டறியும் முறை இவ்விரு நிலையங்களிலும் சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2019இல் வெளியாயின. கடலூர்ப் பகுதியினருக்குப் புதுச்சேரி தவளக்குப்பத்திலேயே அரவிந்த் மருத்துவமனை உள்ளது.

சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், பார்வை தெளிவாக இருப்பினும், ஆண்டுக்கொரு முறை பாவையை விரித்துச் சோதித்துக்கொள்ளுதல் நலம். சொட்டு மருந்திட்டபின் சில மணி நேரம் பார்வை கூசும். ஆதலால் துணையுடன் செல்க. கண் மருத்துவர் தரும் அறிக்கையை உங்கள் பொது மருத்துவரிடமும் காட்டுக.

காளத்தியப்பரின் கண்ணில் குருதி கண்ட கண்ணப்பர், கணமும் தாமதியாமல் பச்சிலை தேடி ஓடினார். அடியேனோ மூன்று மாதங்கள் தாமதித்தேன். லேசர் சிகிச்சைக்குப் பின் வலக்கண் தெளிந்தது. இடக்கண்ணில் சிறு மங்கல் நிலைத்துவிட்டது. குருராயரின் திருவருளால் தீபச்சுடரை இன்றும் காண்கிறேன். அன்பர்கள் எவரும் என்னைப் போல் தாமதியாதிருக்க அவரையே வேண்டுகிறேன்.