செம்பனைத் தீர்வையில் பிறந்த கருவி: காப்புரிமை யாருக்கு, பலன் யாருக்கு?

மலாக்கா: நீண்ட கம்பின் கீழ்முனையில் ஒரு சிறிய பெட்ரோல் இயந்திரம். மேல்முனையில் வேகமாக அதிரும் அரிவாள். செம்பனை வெட்டுவோருக்கு இந்தக் கருவியின் பெயர் தெரிந்திருக்கும்: ‘சந்தாஸ்’. மலாய் மொழியில் கிளை கழிப்பதைக் குறிக்கும் சொல் அது.

இந்தக் கருவி வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல. நம் நாட்டின் அரசு நிறுவனமான மலேசிய செம்பனை வாரியத்தில் (எம்பிஓபி) உருவானது. வாரியம் அதற்குக் காப்புரிமை பெற்றது. தயாரித்து விற்கும் வேலையை, உரிமம் கொடுத்துத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது.

அரசு ஆராய்ச்சியில் பிறந்த கருவிக்கு எதற்குக் காப்புரிமை? ஊர்ப் பணத்தில் செய்ததை ஊரே பயன்படுத்திக் கொள்ளலாமே? ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்ட வேலையை நம்பி வாழும் குடும்பங்களுக்கும், பொறியியல் படிக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் இந்தக் கேள்வியில் நேரடித் தொடர்பு உண்டு.

காப்புரிமை என்பது என்ன?

‘பேட்டன்’ என்று பலரும் சொல்லும் காப்புரிமை, கண்டுபிடித்தவருக்கும் அரசுக்கும் இடையிலான ஒரு கொடுக்கல் வாங்கல். கண்டுபிடித்தவர் தன் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை மறைக்காமல் எழுதித் தருகிறார். பதிலுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு அவர் அனுமதியின்றி வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ முடியாது என்று அரசு உறுதி தருகிறது.

மலேசியாவில் 1983-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் இதைக் கவனிக்கிறது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் உரிமை நீடிக்கும், அதுவும் ஆண்டுக் கட்டணம் கட்டி வந்தால் மட்டுமே. காலம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் அதைச் செய்யலாம். ஒரு நாட்டில் பெற்ற காப்புரிமை அந்த நாட்டுக்குள் மட்டுமே செல்லும்.

எல்லாவற்றுக்கும் காப்புரிமை கிடைக்காது. கருவி உலகில் எங்கும் முன்பே வெளிப்படாத புதியதாக இருக்க வேண்டும். அந்தத் துறை தெரிந்த எவருக்கும் எளிதில் தோன்றிவிடாத யோசனையாகவும், தொழிலில் பயன்படக் கூடியதாகவும் இருக்க வேண்டும். இயற்கையில் ஏற்கெனவே உள்ளதைக் கண்டறிவதற்கும், அறிவியல் கோட்பாட்டுக்கும், செடி வகைக்கும் காப்புரிமை இல்லை.

பணம் எங்கிருந்து வந்தது?

மலாயாவின் முதல் வர்த்தக ரப்பர் தோட்டம் மலாக்காவில்தான் தொடங்கியது. 1896-இல் தான் சாய் யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். அந்த மரங்களைத் தொடர்ந்து தோட்டங்கள் பெருகின. ஆயிரக்கணக்கான தமிழர்கள் பால் வெட்ட வந்தார்கள்.

ரப்பர் பெருகியபோது ஆராய்ச்சியும் தேவைப்பட்டது. 1925-இல் சட்டம் இயற்றப்பட்டு ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவானது. அதை நடத்த ரப்பர் மீது ‘செஸ்’ எனப்படும் தீர்வை விதிக்கப்பட்டது. செம்பனைக்கு 1979-இல் போரிம் என்ற ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. 2000-இல் அது செம்பனைப் பதிவு, உரிமங்களைக் கவனித்த போர்லாவுடன் இணைந்து எம்பிஓபி ஆனது. அதற்கும் செம்பனை எண்ணெய் மீது டன் கணக்கில் தீர்வை வசூலிக்கப்படுகிறது. அரசு நிதியும் சேர்கிறது.

தீர்வையைக் கட்டுவது நிறுவனங்கள்தான். ஆனால் அந்த ஒவ்வொரு டன்னுக்கும் பின்னால் விடியற்காலை பிரட்டுக்கு நின்றவர்களின் உழைப்பு இருக்கிறது. எனவே ‘அரசுப் பணம்’ என்று சொல்லப்படுவதில் தோட்டத் தொழிலாளியின் பங்கும் உண்டு.

பூட்டில்லாமல் பரவியவை

இந்த ஆராய்ச்சியில் பிறந்த பெரும் பலன்கள் சில, எவருடைய தனிச் சொத்தாகவும் ஆகாமலே பரவின.

சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி அரசுச் சம்பளம் வாங்கிய விஞ்ஞானி. மரத்தைக் கெடுக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890-களில் அவர் வகுத்தார். அதன் வழிவந்த முறையில்தான் நம் பாட்டன் பாட்டிகள் வெட்டினார்கள்.

‘ஆர்ஆர்ஐஎம் 600’ என்ற ரப்பர் ரகம் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் உருவாக்கம். தாய்லாந்து, இந்தியா வரை அது பரவியது. செடி வகை என்பதால் அதற்குக் காப்புரிமைப் பேச்சே இல்லை. இன்று புதிய ரகங்களைப் பாதுகாக்க 2004-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது.

1965-இல் வந்த எஸ்எம்ஆர் தர முறையும் அப்படித்தான். அதுவரை ரப்பர் ஷீட்டைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்தார்கள். அதன் பிறகு சோதனைக்கூட அளவீட்டின்படி தரம் சொல்லி, கட்டிகளாக விற்க முடிந்தது. இந்த மாற்றத்தில் முன்னின்றவர் மலேசிய இந்திய விஞ்ஞானி டான்ஸ்ரீ பி.சி. சேகர். 1966-இல் அக்கழகத்தின் முதல் ஆசிய இயக்குநராகப் பொறுப்பேற்றவரும் அவர்தான்.

பூட்டு எதற்கு?

அப்படியென்றால் எல்லாவற்றையும் திறந்தே விட்டுவிடலாமா? அதில் ஒரு சிக்கல் உண்டு. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் மாதிரிக் கருவி ஒன்று. தோட்டத்தில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் கருவி வேறு. இடையிலுள்ள தொலைவைக் கடக்க அச்சு, உதிரிப் பாகம், பழுதுபார்க்கும் ஆள் எனத் தனியார் முதல் போட வேண்டும. அடுத்த மாதமே வேறொருவர் நகலெடுத்து விற்பார் என்றால் யாரும் முதல் போட மாட்டார்கள். காப்புரிமை இருந்தால் உரிமம் வாங்கியவருக்குத் துணிவு வரும். அரசு நிறுவனத்துக்கும் உரிமக் கட்டணம் வரும். வெளிநாட்டு நிறுவனம் எடுத்துக்கொண்டு நமக்கே விற்கும் நிலையும் தவிரும்.

ரப்பரில் இதற்கு உதாரணம் இருக்கிறது. மலேசிய ரப்பர் தீர்வையில் நடந்த இங்கிலாந்து ஆய்வுக்கூடம் ஒன்று, இயற்கை ரப்பரை வேதி முறையில் மாற்றி எண்ணெய்க்கும் காற்றுக்கும் ஈடுகொடுக்கும் ‘எபாக்சிடைஸ்டு’ ரப்பரை உருவாக்கி 1980-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றது. அந்த ஆய்வுக்கூடம் இன்று துன் அப்துல் ரசாக் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் மலேசிய ரப்பர் வாரியத்தின் கீழ் இருக்கிறது. மாற்றப்பட்ட அந்த ரப்பரை வாரியம் இப்போது ‘எக்கோபிரினா’ என்ற பெயரில் டயர் போன்ற பொருள்களுக்கு முன்வைக்கிறது. முதல் காப்புரிமையின் காலம் முடிந்துவிட்டதால், அதில் எழுதப்பட்ட முறை இன்று எல்லாருக்கும் பொது.

மலேசியாவில் 2009-இல் வந்த அரசுக் கொள்கைப்படி, அரசு நிதியில் நடக்கும் ஆய்வின் அறிவுச்சொத்து, நிதி பெற்ற பல்கலைக்கழகத்துக்கோ ஆய்வு நிலையத்துக்கோ சேரும். அதை அவர்கள் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே நோக்கம். அமெரிக்கா இதே வழியில் 1980-இல் ‘பே-டோல்’ சட்டம் கொண்டுவந்தது. வரி கட்டிய மக்கள் ஆராய்ச்சிக்கு ஒரு முறையும் பொருளுக்கு மறுமுறையும் பணம் கொடுக்கிறார்கள் என்ற குறை அங்கேயும் எழுந்தது.

கூலியைப் பற்றிக் காப்புரிமை பேசாது

சந்தாஸ் கருவிக்கே திரும்புவோம். கை அரிவாளில் ஒரு நாளில் 250 முதல் 350 குலை வெட்டும் இடத்தில், இக்கருவியால் 560 முதல் 750 குலை வரை வெட்டலாம் என்பது எம்பிஓபி ஆய்வுக் கணக்கு. அது உயரம் குறைந்த மரங்களுக்கே பொருந்தும். வளர்ந்த மரத்துக்கு இன்றும் நீளக் கம்பும் கை அரிவாளும்தான். இயந்திரத்தின் எடையும் அதிர்வும் தோளிலும் கையிலும்தான் இறங்குகின்றன.

குலை இரட்டிப்பானால் டன்னுக்கான கூலி அதே நிலையில் நிற்குமா, குறையுமா? கருவியை வாங்குவது யார்? பெட்ரோல் செலவு யாருடையது? காப்புரிமைப் பத்திரத்தில் இதற்கெல்லாம் பதில் இருக்காது. தொழிற்சங்கமும் நிர்வாகமும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியவை இவை. கண்டுபிடிப்பின் பலன் உழைப்பவருக்கு எந்த அளவுக்கு வந்து சேர்கிறது என்பது அந்தப் பேச்சில்தான் முடிவாகிறது.

தொழிலாளியே கண்டுபிடித்தால்?

அரிவாளின் வளைவை மாற்றுவது, உதிரிப் பழம் பொறுக்கச் சிறு கருவி செய்வது எனத் தோட்டத்தில் யோசனைக்குப் பஞ்சமில்லை. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில.

காப்புரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு ஊழியர்களைப் பற்றியது. கண்டுபிடிப்பது உங்கள் வேலையாக இல்லாதபோதும், முதலாளியின் தொழில் சார்ந்த ஒன்றை அவர் தந்த கருவி, தகவல்களைக் கொண்டு செய்தால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாத வரை உரிமை முதலாளிக்குப் போகும். ஆனால் கண்டுபிடித்தவருக்கு நியாயமான ஊதியம் கொடுக்க வேண்டும். பேசி முடிவாகாவிட்டால் நீதிமன்றம் அதை நிர்ணயிக்கலாம்.

சிறிய மாற்றங்களுக்கு ‘பயன்பாட்டுப் புத்தாக்கச் சான்றிதழ்’ என்ற இன்னொரு வழியும் உண்டு. புதியதாகவும் தொழிலில் பயன்படுவதாகவும் இருந்தால் போதும். முதலில் 10 ஆண்டு, பிறகு ஐந்தைந்தாக இரண்டு முறை நீட்டிக்கலாம்.

மிக முக்கியமானது, விண்ணப்பிக்கும் முன் காணொளி எடுத்து முகநூலில் போடாதீர்கள். தாமே வெளியிட்டதற்கு மலேசியச் சட்டம் ஓராண்டு சலுகை தருகிறது. பல நாடுகள் தருவதில்லை. டுரியான் துங்காலில் உள்ள மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற அரசுக் கல்விக்கூடங்களில் படிப்போர், ஆய்வு நிதியின் நிபந்தனைகளைக் கையெழுத்திடும் முன் படித்துவிட வேண்டும். உரிமை பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் கண்டுபிடித்தவர் பெயர் காப்புரிமையில் இடம்பெற வேண்டும் என்று கேளுங்கள்.

மைஐபிஓ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தின் இணையத்தளத்தில் காப்புரிமைகளை இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். உங்கள் யோசனையை வேறொருவர் முன்பே பதிந்திருக்கிறாரா என்று அங்கே பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.